இரைச்சல் நீக்கும் வயர்லெஸ் இயர்பட்ஸ்: வாங்கும் முன் எழும் கேள்விகள்

இயர்பட்ஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எது பெஸ்ட்?" என்றுதான். அதற்கு எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது. உங்கள் காது எப்படி, கையில் இருக்கும் ஃபோன் எது, எங்கே போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் பேச்சை ஆரம்பிக்கவே முடியும். பயணம், அலுவலகம், நடை, ஃபோன் பேச்சு என்று தினசரிப் புழக்கத்தை மட்டும் மனதில் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இரைச்சல் நீக்கம் என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒலி என்பது காற்றழுத்தம் ஏறி இறங்குவது. பட்ஸின் வெளிப்பக்கம் இருக்கும் மைக், காதுக்குள் நுழையப் போகிற சத்தத்தைக் கொஞ்சம் முன்னதாகவே பிடித்துவிடுகிறது. உள்ளே இருக்கும் சிப் அந்த அலையைத் தலைகீழாக்கி ஸ்பீக்கர் வழியே விடுகிறது. ஏற்றம் இருக்கும் இடத்தில் இறக்கம் வந்து சேர, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. காதுப் பக்கம் பார்த்தபடி இன்னொரு மைக் இருக்கும். அழியாமல் மிஞ்சியது எவ்வளவு என்று கேட்டுத் திருத்துவது அதன் வேலை. இப்படி இரைச்சலை அழிப்பதை ஏஎன்சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்) என்றும், இந்த இரண்டு மைக்கும் சேர்ந்து இயங்கினால் ஹைப்ரிட் ஏஎன்சி என்றும் சொல்வார்கள். இன்று நல்ல பட்ஸ் எல்லாமே இந்த வகைதான்.

யோசனை பழையது. ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூக் 1936-இலேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1978-இல் ஒரு விமானப் பயணத்தில் ஹெட்ஃபோனை மீறிக் கேட்ட எஞ்சின் சத்தம்தான் போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஆமர் போஸை இந்தப் பக்கம் திருப்பியது. அவருடைய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட்டைக் கொண்டுவந்தது. காதுக்குள் அடங்குகிற வயர்லெஸ் வடிவில் இது பரவலானது 2019-இல். சோனியின் டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்3, ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ இரண்டும் அந்த ஆண்டு வந்தவை.

மின்விசிறிச் சத்தம் போய்விடுகிறது, பக்கத்தில் பேசுவது மட்டும் ஏன் கேட்கிறது?

பழுது ஒன்றும் இல்லை. எல்லா பட்ஸிலும் அப்படித்தான்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. 100 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 100 அதிர்வு) உறுமும் எஞ்சின் சத்தத்தின் ஒரு அலை ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நீளம். அதற்கு எதிர் அலை தயாரிக்கும்போது சிப் ஒரு துளி தாமதித்தாலும் பெரிய பாதகமில்லை. 1,000 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் 34 சென்டிமீட்டர்தான். 5,000 ஹெர்ட்ஸில் அதுவும் 7 சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அந்த இடத்தில் தாமதமும், மைக்குக்கும் செவிப்பறைக்கும் நடுவே உள்ள தூரமும் கணக்கைக் குலைத்துவிடுகின்றன. அழிக்க வேண்டிய எதிர் அலை தவறான நேரத்தில் வந்து சேர்ந்தால் சத்தம் கூடவும் செய்யும். அதனால் சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற, ஒரே சீராகத் தொடர்கிற சத்தத்தில்தான் ஏஎன்சி முழு பலத்தைக் காட்டும். எஞ்சின், ஏசி, மின்விசிறி, ரயில் பெட்டியின் அதிர்வு எல்லாம் அதில் அடங்கும்.

பேச்சு, குழந்தை அழுகை, கீபோர்டு தட்டும் சத்தம், கீழே விழும் பாத்திரம் ஆகியவை மேல் ஸ்தாயியில் இருப்பவை, திடீர் திடீரென்று வருபவை. அவற்றைத் தடுப்பது பட்ஸின் நுனியில் மாட்டி, காதை அடைத்திருக்கும் மெத்தென்ற முனைதான், மின்னணுவியல் அல்ல. இன்னொன்றும் நடக்கும்: கீழே ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் விலகியதும், அதுவரை அதில் மூழ்கியிருந்த பேச்சு முன்னைவிடத் தெளிவாகக் கேட்பது போலத் தோன்றும். "ஏஎன்சி போட்டால் பேச்சு கூடுதலாகக் கேட்கிறதே" என்று நிறைய பேர் சொல்வது இதைத்தான்.

பெட்டியில் "50 டெசிபல் வரை" என்று போட்டிருக்கிறதே, அதை வைத்து ஒப்பிடலாமா?

வேண்டாம். 20 டெசிபல் குறைந்தால் ஒலியழுத்தம் பத்தில் ஒரு பங்காகிறது, 40 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்கு. ஆகவே எண் பெரிதாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. ஆனால் "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்த அதிர்வெண்ணில் அதிகபட்சமாகக் குறைகிறதோ அந்த ஒரு புள்ளியை எடுத்துப் பெட்டியில் போடுகிறார்கள். மற்ற இடங்களில் அது 15 ஆகவோ 20 ஆகவோ இருக்கலாம். அளந்த விதமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 42 என்று எழுதியது 50 என்று எழுதியதைவிடக் காதில் அமைதியாக இருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

அப்படியானால் எதை வைத்துத்தான் ஒப்பிடுவது?

காதில் எப்படிப் பொருந்துகிறது என்பதை வைத்து. பிராண்ட், கோடெக் (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை), ஆப் எல்லாம் அதற்குப் பிறகுதான். என் தீர்மானமான கருத்து இது: சரியாகப் பொருந்துகிற நடுத்தர பட்ஸ், சரியாகப் பொருந்தாத உச்ச ரக பட்ஸைத் தோற்கடித்துவிடும்.

காரணம் எளிது. முனைக்கும் காதுத் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் பாஸ் என்கிற கீழ் ஸ்தாயி ஒலி வெளியே கசிந்துவிடும், வெளிச்சத்தம் உள்ளே வந்துவிடும். ஏஎன்சி உருவாக்கும் எதிர் அலையும் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில் இருப்பதால், கசிவில் முதலில் பலவீனப்படுவது அதுதான். "பாஸே இல்லை, ஏஎன்சியும் சுமார்" என்று ஒருவர் புகார் சொன்னால், பத்தில் ஒன்பது முறை நான் முனையை மாற்றச் சொல்லுவேன்.

சோதிப்பது இப்படி. ஓடுகிற மின்விசிறிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பாட்டு எதுவும் போடாமல் ஏஎன்சியை மட்டும் இயக்குங்கள். பட்ஸைக் காதில் வைத்து, மற்றக் கையால் காது மடலை லேசாக மேலும் பின்னும் இழுத்தபடி, பட்ஸைப் பின்பக்கமாகக் கொஞ்சம் திருகி உள்ளே விடுங்கள். காற்றுச் சத்தம் சட்டென்று கீழே இறங்க வேண்டும். இப்போது விரலால் பட்ஸை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது சத்தம் மேலும் குறைகிறதா? அப்படியானால் முனை உங்களுக்குச் சின்னது. அடுத்த அளவைப் போடுங்கள். பிறகு வாயை அகலத் திறந்து மூடுங்கள், எதையாவது மெல்லுவது போலத் தாடையை அசையுங்கள். அடைப்பு விட்டுப் போனால் காதில் உடனே தெரியும். ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள், வலி வருகிறதா என்று பார்க்க. ஐந்தாவது நிமிடத்தில் உறுத்தினால் ஐம்பதாவது நிமிடத்தில் கழற்றி வைத்துவிடுவீர்கள்.

இரண்டு காதுக்கும் ஒரே அளவு முனை என்று எந்தச் சட்டமும் இல்லை. பலருக்கு வலது காதும் இடது காதும் வேறு வேறு அளவு. பெட்டியில் வருகிற நடுத்தர முனையைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் வருடக்கணக்கில் பயன்படுத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பாதிச் சுகத்தை அவர்கள் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார்கள்.

சிலிக்கான் முனையா, ஃபோம் முனையா?

ஃபோம் முனையை விரலால் நசுக்கிக் காதில் வைத்தால் உள்ளே விரிந்து, துளையின் வடிவத்துக்கே அடங்கிக்கொள்ளும். மேல் ஸ்தாயிச் சத்தத்தை நன்றாகத் தடுக்கும். சிலிக்கானில் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது என்பவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும். சோனி தன் உச்ச ரக மாதிரிகளில் ஃபோம் வகை முனையையே தருகிறது. குறை என்னவென்றால் வியர்வையும் அழுக்கும் ஏறி, சில மாதங்களில் தொய்ந்துவிடும். சிலிக்கானைக் கழுவித் துடைத்து வருடக்கணக்கில் ஓட்டலாம். உடற்பயிற்சி செய்பவர்கள் சிலிக்கானிலேயே இருப்பது நல்லது.

காதுத் துளையை அடைத்தால் எனக்கு ஆகாது. முனையே இல்லாத ஏஎன்சி பட்ஸ் பரவாயில்லையா?

ஆப்பிளின் ஏர்பாட்ஸ் 4-இல் ஒரு வகை, சாம்சங்கின் கேலக்ஸி பட்ஸ்3 ஆகிய இரண்டும் இப்படித்தான், 2024-இல் வந்தவை. அடைப்பு இல்லாததால் வேலை முழுவதையும் ஏஎன்சி தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. எஞ்சின் உறுமல் கணிசமாகக் குறையும். பேச்சுச் சத்தம் ஏறக்குறைய அப்படியே வரும். அடைத்தால் வலிக்கிறது என்பவர்களுக்கு இது நியாயமான சமரசம். பேருந்திலும் ரயிலிலும் தினமும் இரண்டு மணி நேரம் போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சரி, பெரிய நான்கு பெயர்களை நேருக்கு நேர் வைத்தால்?

*போஸ்.* குவையட்கம்ஃபர்ட் அல்ட்ரா 2023-இல் வந்தது. காதில் வைத்தவுடன் ஒரு சிறு ஒலியை எழுப்பி, அது உங்கள் காதுக்குள் எப்படித் திரும்பி வருகிறது என்று அளந்து ஏஎன்சியைச் சரிசெய்துகொள்ளும். முழு அமைதிதான் வேண்டும், மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இது. பட்ஸ் உருவத்தில் பெரியது, பேட்டரி சுமார் 6 மணி நேரம்.

*சோனி.* டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்5-உம் 2023-தான். ஒரு பட்ஸ் 5.9 கிராம், முந்தைய எக்ஸ்எம்4-ஐவிடத் தெளிவாகச் சின்னது. ஏஎன்சியோடு 8 மணி நேரம் வரை ஓடும். ஆண்ட்ராய்டில் எல்டிஏசி கோடெக் கிடைக்கும், ஒலியை உங்கள் விருப்பத்துக்குத் திருத்த ஆப்பில் நிறைய இடமுண்டு. பாட்டு கேட்பதே முதன்மை, கையில் ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் என் தேர்வு இது. வழவழப்பான உடல் என்பதால் சார்ஜ் செய்யும் கேஸிலிருந்து எடுக்கும்போது விரலில் வழுக்கும்.

*ஆப்பிள்.* ஏர்பாட்ஸ் புரோ 2 (2022), ஏர்பாட்ஸ் புரோ 3 (2025). ஐஃபோன் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் பார்க்கும் முன் இதைப் பார்க்கலாம். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் டிரான்ஸ்பரன்ஸி முறையில், பட்ஸ் காதில் இருப்பதே மறந்துபோகிற அளவுக்கு இயல்பு. ஐஃபோனோடு சேர்த்துக் கேட்கும் திறனைச் சோதிக்கலாம், லேசான முதல் நடுத்தரம் வரையான கேள்திறன் குறைவு உள்ள பெரியவர்கள் கேட்கும் கருவியாகவும் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 செப்டம்பரில் அதற்கு அனுமதி தந்தது. இது நாட்டுக்கு நாடு மாறும் வசதி. புரோ 2 ஏஎன்சியோடு 6 மணி நேரம், புரோ 3 எட்டு மணி நேரம். ஆண்ட்ராய்டு ஃபோனோடு இணைத்தால் பாட்டு கேட்கும், ஏஎன்சி வேலை செய்யும். ஆனால் மேற்சொன்ன சிறப்புகளில் பெரும்பாலானவை போய்விடும்.

*சாம்சங்.* கேலக்ஸி பட்ஸ்3 புரோ (2024). சாம்சங் ஃபோனோடு சேர்ந்தால்தான் முழு பலம். அதன் உயர்தரக் கோடெக்கும் சாம்சங் கருவிகளில் மட்டுமே. பட்ஸுக்கு ஐபி57 தரம் உண்டு, மழைக்கும் வியர்வைக்கும் பயப்பட வேண்டாம்.

புதுத் தலைமுறை வந்தவுடன் பழையதைக் கழித்துவிட வேண்டியதில்லை. ஏஎன்சியில் ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைவிட, பொருந்துகிற முனைக்கும் பொருந்தாத முனைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

எல்டிஏசி, ஏஏசி, எஸ்பிசி என்கிறார்களே, இதில் எது இல்லாமல் முடியாது?

ப்ளூடூத்தில் பாட்டை அப்படியே அனுப்ப இடம் போதாது, சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். சுருக்கும் முறைதான் கோடெக். எஸ்பிசி எல்லாக் கருவியிலும் கட்டாயம். ஐஃபோன் எஸ்பிசி, ஏஏசி இரண்டையும் மட்டுமே பேசும். எனவே ஐஃபோன்காரர்கள் எல்டிஏசி இருக்கிறதா என்று தேடுவதில் பலனே இல்லை. எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும், சிடி தரம் என்பது 1,411. கூட்டமான இடத்தில் அலைவரிசை நெரிசலானால் அதே எல்டிஏசி 660-க்கும் 330-க்கும் இறங்கிவிடும், அல்லது பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். பயணத்தில் நான் அதை அணைத்துவிட்டு ஏஏசியில் வைப்பதே நிம்மதி. பேட்டரியும் கூடுதலாக நிற்கும்.

எல்சி3 என்ற புதிய கோடெக் 2020-இல் ப்ளூடூத்தின் புதிய ஒலி முறையான எல்ஈ ஆடியோவோடு அறிவிக்கப்பட்டது. குறைந்த பிட்டில் நல்ல ஒலி தருவது, ஃபோன் பேச்சின் தரத்தைக் கூட்டுவது, ஒரே கருவியிலிருந்து பலர் கேட்கும் ஆராகாஸ்ட் வசதி என்று அதனிடம் எதிர்பார்க்க நிறைய இருக்கிறது. ஃபோன், பட்ஸ் இரண்டிலும் இருந்தால்தான் பயன்.

லேப்டாப்பில் மீட்டிங் சேர்ந்தவுடன் ஒலி திடீரென்று பழைய டெலிஃபோன் மாதிரி ஆகிவிடுகிறது. பட்ஸ் பழுதா?

இல்லை. ஆயிரக்கணக்கானோரைக் குழப்புகிற விஷயம் இது. பாட்டு கேட்கும்போது ப்ளூடூத் ஒரு முறையில் இயங்குகிறது. அதில் ஒலி ஒரு திசையில், ஸ்டீரியோவில், நல்ல தரத்தில் வருகிறது. மைக் திறந்தவுடன் இரு திசைப் பேச்சுக்கான வேறு முறைக்கு மாறிவிடும். அது மோனோ, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. ஒலி பெரும்பாலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறை மட்டுமே அளந்து அனுப்பும் தரத்துக்கு (8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்) இறங்கிவிடும். எவ்வளவு நல்ல பட்ஸாக இருந்தாலும் சாதாரண ப்ளூடூத்தில் இதுதான் கதி.

தீர்வு கையிலேயே இருக்கிறது. மீட்டிங் ஆப்பின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கர் என்ற இடத்தில் பட்ஸையும், மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஒலி அடுத்த நொடியே தெளிந்துவிடும். உங்கள் குரலும் பெரும்பாலும் மற்றவர்களுக்கு இன்னும் நன்றாகப் போகும். அறை சத்தமாக இருந்தால் மட்டும் பட்ஸ் மைக்குக்கு மாறுங்கள்.

ஃபோன் பேச எது நல்லது?

ஏஎன்சி நன்றாக இருந்தால் பேச்சும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஏஎன்சி உங்கள் காதுக்காக. எதிரில் இருப்பவருக்கு உங்கள் குரலைப் பிரித்து அனுப்புவது தனி வேலை. மைக் வாயிலிருந்து தள்ளி இருக்கிறது என்பதே இதில் பெரிய சிக்கல். கீழ்நோக்கித் தண்டு உள்ள வடிவங்களில் மைக் கொஞ்சம் வாய்ப்பக்கம் இறங்குவதால் ஒரு சாதகம் உண்டு. சில மாதிரிகள் பேசும்போது எலும்பில் ஏற்படும் அதிர்வையும் உணர்ந்து குரலைப் பிரிக்கின்றன.

எல்லாருக்கும் எதிரி காற்று. விமர்சனம் படிப்பதைவிட நீங்களே சோதிப்பது நம்பகம்: போக்குவரத்து உள்ள தெருவில் நின்று, பட்ஸ் மைக்கில் ஒரு நிமிடம் குரல் பதிவு செய்து, அதை வீட்டுக்கு வந்து கேளுங்கள். வார்த்தைகளின் ஓரம் வெட்டுப்படுகிறதா, 'ச' 'ஸ' ஒலிகள் தேய்கின்றனவா என்று கவனியுங்கள். வேலையே ஃபோன் பேசுவதுதான் என்பவர்கள், வாயருகே மைக் வரும் ஹெட்செட்டை வாங்குவது நல்லது. இயர்பட்ஸ் அதற்கு ஈடாகாது.

ஒரே நேரத்தில் ஃபோன், லேப்டாப் இரண்டிலும் இணையுமா?

மல்டிபாயின்ட் என்று பெட்டியில் இருந்தால் இணையும். லேப்டாப்பில் பாட்டு ஓடும்போது ஃபோன் அடித்தால் தானாக மாறும். ஏர்பாட்ஸில் இது வேறு மாதிரி: ஒரே ஆப்பிள் கணக்கில் உள்ள கருவிகளுக்கு இடையே தானாக மாறும், ஐஃபோனுக்கும் விண்டோஸ் லேப்டாப்புக்கும் நடுவே மாறாது. அலுவலகத்தில் விண்டோஸ், கையில் ஐஃபோன் என்பவர்கள் இதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள். தினமும் கை வைக்கிற விஷயம் என்பதால் இந்த ஒரு வசதிக்காக மட்டுமே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை.

கேம் விளையாடும்போது ஒலி பிந்தி வருகிறதே?

வயர்லெஸ் ஒலி சாதாரணமாக 200 மில்லிநொடி அளவுக்குப் பிந்தும். வீடியோ ஆப்கள் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திச் சமாளித்துவிடும். விளையாட்டில் அப்படி முடியாது. தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் இருந்தால் போட்டுப் பாருங்கள், போதவில்லையென்றால் ஒயர்தான்.

பேட்டரி எத்தனை வருடம் வரும்?

ஒவ்வொரு பட்ஸுக்குள்ளும் சட்டைப் பொத்தான் அளவு லித்தியம் அயான் பேட்டரி ஒன்று இருக்கிறது. அது சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் திறன் குறையத் தொடங்கும். தினமும் பயன்படுத்தினால் இரண்டு மூன்று வருடத்தில் 6 மணி நேரம் ஓடியது 4 ஆகும், பிறகு இன்னும் குறையும். பெரும்பாலான பட்ஸ் பசை போட்டு ஒட்டியவை, பேட்டரியை மாற்ற முடியாது. நல்ல நிலையில் இருக்கும் ஸ்பீக்கர், மைக், சிப் எல்லாம் ஒரு சின்ன பேட்டரிக்காகக் குப்பைக்குப் போவது எனக்குப் பொறுக்காத விஷயம். ஃபேர்ஃபோன் நிறுவனம் 2024-இல் கொண்டுவந்த ஃபேர்பட்ஸில் பட்ஸ், கேஸ் இரண்டின் பேட்டரியையும் நாமே மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகளோடு, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆக முடியாத காரியம் இல்லை இது.

அதுவரை நாம் செய்யக்கூடியது வெப்பத்தைத் தவிர்ப்பது. வெயிலில் நிற்கும் காரில் கேஸை விட்டுவிட்டுப் போகாதீர்கள். தேவையில்லாத இடத்தில் ஏஎன்சியை அணையுங்கள். அமைதியான அறையில் அது பேட்டரியைத் தின்பதோடு, மெல்லிய 'ஸ்ஸ்' ஒலியையும் கூட்டும்.

ஐபிஎக்ஸ்4, ஐபி54, ஐபி57 எல்லாம் என்ன?

முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எக்ஸ் என்றால் அதற்குத் தரம் குறிப்பிடவில்லை என்று பொருள். தண்ணீர்ப் பக்கம் 4 என்றால் தெறிப்பு, வியர்வை, லேசான மழை. 7 என்றால் ஒரு மீட்டர் நன்னீரில் 30 நிமிடம். கடல் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் இந்தக் கணக்கில் வராது. கேஸுக்கு அதே தரம் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஈரத்தோடு பட்ஸைக் கேஸில் வைத்து மூடுவதுதான் சார்ஜ் முனைகள் அரித்துப் போக வழி.

தினமும் போட்டால் காது கெடுமா?

கெடுப்பது சத்தத்தின் அளவும் நேரமும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் அதே பாதுகாப்பு வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஏஎன்சியின் உண்மையான நன்மை இங்கேதான். சத்தமான வண்டியில் சாதாரண இயர்ஃபோன் போட்டால், இரைச்சலைத் தாண்ட ஒலியை ஏற்றிக்கொண்டே போவோம். இரைச்சல் குறைந்தால் பாதி ஒலியிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். என்னைக் கேட்டால் ஏஎன்சிக்குப் பணம் கொடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. ஆனால் ஏஎன்சி போட்ட பிறகும் பழைய ஒலியளவிலேயே கேட்டால் அந்த நன்மை கிடையாது.

இடையிடையே கழற்றிக் காதுக்குக் காற்று விடுங்கள். காதில் சீழ், வலி, அரிப்பு இருக்கும்போது போடவே வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். பட்ஸை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளாதீர்கள்.

கதிர்வீச்சு?

ப்ளூடூத் வெளியிடுவது சில மில்லிவாட் அளவிலான ரேடியோ அலை, காதில் ஒட்டிப் பேசும் ஃபோனைவிட மிகக் குறைவு. அயனியாக்கும் வகையும் அல்ல. இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஏஎன்சி போட்டால் காது அடைத்தது போலவும் தலை லேசாகச் சுற்றுவது போலவும் இருக்கிறது.

சிலருக்கு அப்படி இருக்கும். காற்றழுத்தம் உண்மையில் மாறுவதில்லை. கீழ் ஸ்தாயி மட்டும் திடீரென்று மறைவதை மூளை அழுத்த மாற்றமாக எடுத்துக்கொள்கிறது என்பது பரவலான விளக்கம். ஏஎன்சி அளவைக் குறைத்துப் பாருங்கள், அல்லது சூழலுக்கேற்ப மாறும் முறையில் வையுங்கள். ஒரு வாரத்தில் பழகாவிட்டால் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுவதே சரி. நடக்கும்போது காலடிச் சத்தமும் உங்கள் சொந்தக் குரலும் உள்ளுக்குள் அதிர்வது வேறு விஷயம். அது காது அடைபட்டிருப்பதால் வருவது.

சாலையில் போடலாமா?

வண்டி ஓட்டும்போது வேண்டாம். நடந்து போகும்போதும் ஏஎன்சியை அணைத்து, டிரான்ஸ்பரன்ஸியில் வையுங்கள். சாலையைக் கடக்கும்போது ஒரு பக்கத்தைக் கழற்றிவிடுங்கள். பின்னால் வரும் வண்டியின் எஞ்சின் ஒலியைத்தான் ஏஎன்சி மிகத் திறமையாக அழிக்கிறது என்பதை மறக்கவே கூடாது.

ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைந்துவிட்டது, சர்வீஸுக்குக் கொடுக்கலாமா?

முதலில் முனையைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். ஸ்பீக்கர் வாயில் ஒரு நுண்ணிய வலை இருக்கும். அதன் கண்கள் மஞ்சளாக அடைத்திருந்தால் அது காது மெழுகு. வலையைத் தரைப் பக்கம் பார்த்துப் பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். அப்போதுதான் உதிர்வது வெளியே விழும், உள்ளே போகாது. ஊசியால் குத்தாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், தண்ணீர் விடாதீர்கள். உள்பக்கம் பார்க்கும் மைக்கின் துளையையும் துடையுங்கள். அது அடைத்தால் ஏஎன்சி தாறுமாறாகி 'கிர்' என்று ஒலிக்கும். பிறகு கேஸில் இருக்கும் சார்ஜ் முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சரியாகாவிட்டால் சர்வீஸ்.

ஒரு பட்ஸ் தொலைந்துவிட்டால்?

பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஒற்றைப் பட்ஸைத் தனியாக விற்கின்றன. வாங்கும் முன்பே அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி எண் துல்லியமாகப் பொருந்த வேண்டும். ஒரே பெயரில் வேறு வேறு பதிப்புகள் உண்டு, அவை ஒன்றோடொன்று சேராது. ஃபோனின் 'கண்டுபிடி' வசதியை முதல் நாளே இயக்கிவிடுங்கள். தொலைந்தவுடன் கடைசியாக இணைந்திருந்த இடத்தை அதில் பார்த்து, அங்கே போய் ஒலியெழுப்பச் சொல்லித் தேடலாம். தாமதிக்க வேண்டாம், கேஸுக்கு வெளியே கிடக்கும் பட்ஸ் சில மணி நேரத்தில் சார்ஜ் இழந்துவிடும், அதன் பிறகு அது ஒலி எழுப்பாது.